ஓசூர் சூரியனுக்குக் கிட்டத்தில்தானே இருக்கிறது, பிறகு ஏன் குளிர்கிறது?

வானிலைப் பாடம் நடக்கும் வகுப்பில் எப்படியும் ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். யாரும் கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்டுவிடுவது நல்லது. ஒகேனக்கல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி 470 மீட்டர் அளவில், கிருஷ்ணகிரி 500-ஐ ஒட்டி, ஓசூர் 890 அளவில். ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுபவரைவிட ஓசூர் பேருந்து நிலையத்தில் நிற்பவர் 640 மீட்டர் மேலே நிற்கிறார். ஆனால் மே மாதத்தில் வேர்த்துக் கொட்டுவது பரிசல்காரருக்குத்தான்.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் 640 மீட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்னொன்றும் சொல்லலாம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கி.மீ. சூரியன் கிட்டத்தில் இருக்கும் அதே ஜனவரியில்தான் ஓசூரில் ஸ்வெட்டர் வெளியே வருகிறது. ஆக, குளிருக்கும் வெயிலுக்கும் காரணத்தைத் தூரத்தில் தேடிப் பயனில்லை.

அடுப்பு காலடியில்

வெயில் காற்றின் வழியாக வந்தாலும் காற்றை அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. பெரும்பகுதி ஊடுருவி வந்து மண்ணையும் பாறையையும் தார்ச்சாலையையும் சுடவைக்கிறது. சுட்ட தரை, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சுடவைக்கிறது. அந்தக் காற்று மேலே கிளம்ப, புதுக்காற்று அந்த இடத்துக்கு வந்து சுடுகிறது. வளிமண்டலத்துக்கு அடுப்பு கீழே இருக்கிறது. அதனால்தான் உச்சிவெயில் 12 மணிக்கு என்றாலும் நாளின் அதிக வெப்பநிலை 2 அல்லது 3 மணிக்கு வருகிறது. தரை வாங்கியதைக் காற்றுக்குக் கொடுத்து முடிக்க நேரம் வேண்டும்.

பல வகுப்புகளில் பாடம் இதோடு நின்றுவிடும்: "மேலே போகப் போக அடுப்பிலிருந்து தூரம், அதனால் குளிர்ச்சி." கூர்மையான மாணவி ஒருத்தி இங்கே எழுந்து, "ஓசூரிலும் தரை இருக்கே சார், அதுவும் வெயிலில் சுடுதே?" என்று கேட்டால் இந்த விளக்கம் விழுந்துவிடும். அவள் கேட்பது சரி. ஓசூர் ஆகாயத்தில் தொங்கவில்லை. பீடபூமியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

உண்மையான விடை காற்றழுத்தத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் அழுத்தம் சராசரியாக 1013 மில்லிபார். கீழ் வளிமண்டலத்தில் ஒவ்வொரு 9 மீட்டர் ஏற்றத்துக்கும் தோராயமாக 1 மில்லிபார் குறையும். கிருஷ்ணகிரிக்கு வரும்போது 955 அளவாகி, ஓசூரில் 910-ஐ ஒட்டி நிற்கும். தலைக்குமேல் இருக்கும் காற்றின் சுமை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சுமை குறைந்தால் காற்று விரியும். விரிவதற்கு அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும், தள்ளுவது வேலை, அந்த வேலைக்கான ஆற்றலைத் தன் சொந்த வெப்பத்திலிருந்தே எடுக்கிறது. அதனால் குளிர்கிறது. யாரும் அதிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காற்று ஓசூர் மட்டத்துக்கு ஏறினால் ஏறிய காரணத்தாலேயே குளிர்ந்துவிடும். ஓசூர்த் தரை சுடவைக்கும் காற்றும் அங்கேயே தங்குவதில்லை; சுற்றியுள்ள இந்தக் குளிர்ந்த காற்றோடு ஓயாமல் கலந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, மேலே காற்றும் நீராவியும் குறைவாக இருப்பதால் இரவில் தரையின் வெப்பம் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது.

கணக்கு எளிது. நிற்கும் வளிமண்டலத்தில் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். 640 மீட்டருக்கு 4 டிகிரிக்குச் சற்று மேல். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் 2.5 டிகிரி. ஒரே நாளில் இரண்டு ஊர்ப் பள்ளிகளும் அளந்து ஒப்பிட்டால் இந்த எண் அச்சு அசலாக வராது. மேகம், காற்று, மழை ஈரம் எல்லாம் குறுக்கே வரும். ஒரு மாதச் சராசரி எடுத்தால் கிட்டத்தில் வரும்.

அழுத்தக் குறைவைக் கண்ணால் காட்ட ஒரு சிப்ஸ் பாக்கெட் போதும். சென்னையில் அடைத்த பாக்கெட் ஓசூர்க் கடையில் உப்பிக்கொண்டு தொங்கும். தண்ணீரும் ஓசூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கைப்பேசியில் அழுத்த உணரி இருந்தால் நேராகவே காட்டலாம். ஆனால் ஒரு குழப்பம் வரும்: கைப்பேசி 910 என்று காட்ட, செய்தியில் 1008 என்று சொல்வார்கள். வானிலை வரைபடத்தில் போடுவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம். மாற்றாவிட்டால் எல்லா மலையூரும் வரைபடத்தில் நிரந்தரப் புயல் மையமாகத் தெரியும்.

விரிந்தால் குளிரும் என்பதற்கு வகுப்பில் வழக்கமாகக் காட்டும் இரண்டு உதாரணங்கள் தவறானவை. "வாயைத் திறந்து ஊதினால் சூடு, குவித்து ஊதினால் குளிர்ச்சி" என்பது விரிவால் வருவதில்லை. குவித்து வேகமாக ஊதும்போது அறைக் காற்றும் சேர்ந்து வந்து கையில் படுகிறது, அவ்வளவுதான். வாசனை ஸ்பிரே குளிர்வதும் பெரும்பாலும் உள்ளிருக்கும் திரவம் ஆவியாவதால். சைக்கிள் டியூபின் வால்வைத் தளர்த்தி, சீறும் காற்றில் விரலை நீட்டச் சொல்லுங்கள். அது சரியான உதாரணம். அதற்கு எதிர்ப்பக்கம், காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது.

பாட்டிலுக்குள் ஒரு மேகம்

இந்த ஒரு செய்தி பிடிபட்டால் மேகம், மழை, ஆலங்கட்டி, புயல் எல்லாவற்றுக்கும் சாவி கிடைத்துவிடும். எல்லாமே காற்று மேலேறி, விரிந்து, குளிரும் கதைதான். நடுவில் சேரவேண்டிய ஒன்று நீராவி.

ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியை வைத்திருக்க முடியும். 25 டிகிரியில் 23 கிராம், 20-இல் 17, 15-இல் 13 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குளிரக் குளிர இடம் சுருங்குகிறது. எந்த வெப்பநிலையில் கைவசம் உள்ள நீராவிக்கே இடம் போதாமல் போகிறதோ அது பனிநிலை. அதற்கும் கீழே போனால் மிச்சம் துளியாக வெளியே வந்தாக வேண்டும்.

இதைக் காட்ட ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் நசுங்கினால் திரும்ப எழாது, அதனால் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மூடி, இருபது விநாடி குலுக்குங்கள். மூடியைத் திறந்து, அணைத்த தீக்குச்சியின் புகையைப் பாட்டில் வாயருகே காட்டி, பாட்டிலை லேசாக அமுக்கி விட்டால் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இறுக்கி மூடி, இரண்டு கையாலும் பலமாக அழுத்தி, ஐந்து எண்ணி, சட்டென்று விடுங்கள். உள்ளே வெள்ளையாக மூடும். மறுபடி அழுத்தினால் மறையும். பின்னால் கறுப்பு சார்ட், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் இருந்தால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

சொதப்பும் இடங்கள் நான்கு. புகையே விடாவிட்டால் மேகம் வராது. நீராவி ஒட்டிக்கொள்ள நுண்துகள் வேண்டும். வானத்தில் அந்த வேலையை மண்தூசியும் புகையும் கடல் உப்பும் செய்கின்றன. புகை அதிகமாகிவிட்டால் பிள்ளைகள் புகையைப் பார்த்தே மேகம் என்பார்கள். அழுத்தும்போது மறைகிறதா என்பதுதான் சோதனை. மறையாவிட்டால் அது வெறும் புகை. நீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் சுவரெல்லாம் முத்துமுத்தாகப் படிந்து உள்ளே ஒன்றும் தெரியாது. கையை மெதுவாக எடுத்தாலும் வராது. கையால் அழுத்தி விடுவதில் கிடைக்கும் குளிர்ச்சி ஓரிரு டிகிரிதான். மெல்ல விட்டால் அது பாட்டில் சுவர் வழியே ஈடாகிவிடும்.

வானத்தில் இதே வேலை பெரிய அளவில் நடக்கிறது. மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிரும். மேலே சொன்ன 6.5 எங்கே, இந்த 10 எங்கே என்று குழம்ப வேண்டாம். முதலாவது, அங்கங்கே நிற்கும் காற்றை அளந்தால் கிடைக்கும் சராசரி. இரண்டாவது, ஒரு பொட்டலம் காற்று தானே ஏறும்போது அதற்கு நேர்வது. மேகம் கட்டத் தொடங்கியதும் இந்த 10 என்பது 5, 6 ஆகக் குறைந்துவிடும். மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா? அந்தக் கடனை, ஆவி மறுபடி துளியாகும்போது திருப்பிக் கொடுக்கிறது. அப்படிக் கிடைக்கும் வெப்பத்தில் மேகத்துக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாகி இன்னும் மேலே பாய்கிறது. இடிமழையின் இயந்திரத்துக்கு எரிபொருள் இதுதான்.

மேகத்தின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் என்று தரையிலிருந்தே கணக்கிடலாம். வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்க வேண்டும். பிற்பகல் 34 டிகிரி, பனிநிலை 20 என்றால் 14 × 125 = 1750 மீட்டர். பஞ்சுப்பொதி போல நிற்கும் திரள் மேகங்களுக்கு மட்டும் இது பொருந்தும். அவற்றின் அடிவயிறு எல்லாம் ஒரே மட்டத்தில் பலகை வைத்துச் சீவியதுபோல் இருப்பதற்கும் காரணம் இதே: எல்லாப் பொட்டலமும் அதே உயரத்தில் பனிநிலையைத் தொடுகின்றன.

அந்தி மழை அழுதாலும் விடாது

"தமிழ்நாட்டுக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவமழை." பாடநூலில் அடிக்கோடிட்டுப் படிக்கும் வரி. மாநிலத்தை மொத்தமாகப் பார்த்தால் சரிதான். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அப்போதுதான் வருகிறது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களில் தென்மேற்குப் பருவ மாதங்களான ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைப்பது வடகிழக்குக்குக் குறைந்ததில்லை, பெரும்பாலும் ஒரு படி கூடுதல். கேழ்வரகும் நிலக்கடலையும் மானாவாரியாக நிற்பது அந்த மழையை நம்பித்தான். ஆசிரியர் இதைச் சொல்லாவிட்டால், பிள்ளைகள் வீட்டில் கேட்பதும் புத்தகத்தில் படிப்பதும் ஒட்டாமல் போய்விடும்.

அந்த மழை வரும் விதமும் வேறு. அரபிக்கடல் ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறும்போதே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி இறங்கும்போது பாட்டிலை அழுத்திய கதைதான்: சுருங்கிச் சூடாகிறது, மேகம் கரைகிறது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மேகங்கள் தலைக்குமேல் ஓடிக்கொண்டே இருக்கும், தூறலைத் தாண்டாது. அம்மி பறக்கும் ஆடிக்காற்று மட்டும் மிச்சம். ஆகஸ்ட் நடுவிலிருந்து காற்றின் வேகம் தணிகிறது. பகல் வெயில் தரையைச் சுடவைக்க, இருக்கும் ஈரம் நேராக மேலே கிளம்புகிறது. மதியம் பஞ்சுப்பொதியாக இருந்தது நான்கு மணிக்குக் காலிஃபிளவர் போலக் குவிந்து, ஆறு மணிக்குக் கார்திரள் மேகமாக 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் பட்டறைக் கல் போலத் தட்டையாகும். பிறகு இடி, மின்னல், மழை. இரவு வரை இழுத்துக்கொண்டு போகும். செப்டம்பர், அக்டோபர் அந்திகளில் இதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல், மே மாதக் கோடை மழையும், தரைச் சூட்டில் காற்று மேலே கிளம்பும் இதே வெப்பச்சலனம்தான், ஆனால் முரடு. கீழே கடும் சூடு, மேலே குளிர்காற்று என்பதால் காற்று வேகமாக மேலே பாய்கிறது. துளிகளை உறைநிலைக்கு மேலே தூக்கி, விழ விடாமல் தாங்கித் தாங்கி, பனிப் படலம் ஏற்றி ஆலங்கட்டியாக்குகிறது. அது இறங்கும்போது கூடவே குளிர்ந்த காற்றும் பொத்தென்று விழுந்து தரையில் பரவும். மழைக்குப் பத்து நிமிடம் முன்னால் திடீரென்று வீசும் குளிர்காற்று அதுவே. காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் அறுவடைக்கு நிற்கும் பெங்களூரா காய்களை உதிர்ப்பது பெரும்பாலும் மழையைவிட இந்தக் காற்று.

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது. மின்னல் தெரிந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வரக் கூடாது. மழைக்கு ஒதுங்க மாமரமும் புளியமரமும் கையருகே இருக்கும் ஊர்கள் இவை. அதனால்தான் மரத்தடி கூடாது என்பதை ஒரு முறைக்கு நான்கு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊத்தங்கரையின் 50 செ.மீ.

வானிலைக்கும் காலநிலைக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டால் பிள்ளைகள் இலக்கணம் ஒப்பிப்பார்கள்: "குறுகிய காலம், நீண்ட காலம்." அதை விட்டுவிட்டு கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையை எடுத்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வேகமாக நகராமல் அங்கேயே நின்று, பிறகு வலுக்குறைந்து மேற்கே உள்ளே வந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. கடற்கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் ஊத்தங்கரை. "புயல் வலுவிழந்தது" என்றால் காற்றின் வேகம் குறைந்தது என்று மட்டுமே பொருள். ஈரம் அப்படியே இருக்கிறது. மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும்.

இந்த மாவட்டங்களில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே 800 முதல் 900 மி.மீ. அதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் விழுந்தது. அது வானிலை. காலநிலைச் சராசரியை 30 ஆண்டுகளுக்குக் கணக்கிடுவார்கள். இப்போது பயன்படுவது 1991 முதல் 2020 வரை. அப்படியொரு 30 ஆண்டுக் கணக்கில் இந்த 500 மி.மீ. சேர்ந்தால் ஆண்டுச் சராசரி எவ்வளவு கூடும்? 500 ÷ 30 = ஏறக்குறைய 17 மி.மீ. ஊரையே புரட்டிப்போட்ட நாள், சராசரியில் ஒரு மிதமான மழை அளவுக்கு ஒடுங்கிவிட்டது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டால் வேறுபாடு மனதில் உட்கார்ந்துவிடும். சராசரி மட்டுமே பார்த்துப் பாலம் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

காலநிலை மாற்றம் என்ற பேச்சு இங்கே தானாக வரும். ஒரு வெள்ளத்தைக் காட்டி "இதுதான் அது" என்று முடித்துவிடக் கூடாது. சொல்லக்கூடியது இது: காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்ட வாய்ப்பு உண்டு. தொழில்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பசுமை இல்ல விளைவுக்கு ஓசூர் ரோஜாப் பசுமைக்குடில்களைக் காட்டுவது வழக்கம். பெயர்தான் பொருந்துகிறது. குடிலுக்குள் சூடேறுவது முக்கியமாகச் சூடான காற்று வெளியேற முடியாததால். வளிமண்டலத்தில் நடப்பது தரை உமிழும் வெப்பக் கதிர்களை வாயுக்கள் வாங்கித் திருப்பி அனுப்புவது. மேகம் மூடிய இரவு தெளிந்த இரவைவிட வெதுவெதுப்பாக இருப்பது இதைவிட நேர்மையான உதாரணம்.

அந்தத் தெளிந்த இரவுதான் மார்கழியில் மூடுபனியைக் கொண்டுவருகிறது. மாலையில் 25 டிகிரியில் 13 கிராம் நீராவியோடு இருந்த காற்று விடியலில் 15 டிகிரிக்கு இறங்கினால் நிரம்பிவிடும். காற்று அசையாமல் இருந்தால் ஏரியோரங்களிலும் பள்ளங்களிலும் தரையோடு மேகம் கட்டும். அப்போது "மேலே போகப் போகக் குளிர்" என்ற விதி தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து இறங்குவதால் பள்ளத்துக்குள் இருப்பவருக்கே நடுக்கம் அதிகம்.

மழைமானியும் வெப்பமானியும்

பள்ளியில் மழை அளக்க இரண்டு லிட்டர் பாட்டில் போதும். தோள்பகுதிக்குக் கீழே வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகப் புனல் போலச் செருகுங்கள். வெளியே ஸ்கேல் ஒட்டி உயரத்தைப் படிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாட்டிலின் அடி மேடுபள்ளம் என்பதால் முதல் சில சென்டிமீட்டர் பொய் சொல்லும். அதைவிடக் கன அளவில் அளப்பது நல்லது. வாயின் விட்டம் 11 செ.மீ. என்றால் பரப்பு 95 சதுர செ.மீ. அதன்மேல் 1 மி.மீ. மழை விழுந்தால் 9.5 மில்லி. ஊசி இல்லாத மருந்து சிரிஞ்சால் நீரை அளந்து 9.5-ஆல் வகுத்தால் மி.மீ. கிடைத்துவிடும். 200 மில்லி சேர்ந்திருந்தால் 21 மி.மீ. ஊத்தங்கரையின் அந்த நாளில் இந்த மழைமானி வைத்திருந்தால் நாலே முக்கால் லிட்டர் சேர வேண்டியது. இரண்டு முறை நிரம்பி வழிந்திருக்கும்.  ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். அப்படியானால் ஓர் ஏக்கரில் 50 செ.மீ. என்பது சுமார் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 168 நடை!

வைக்கும் இடம் முக்கியம். பக்கத்துக் கட்டடம் 5 மீட்டர் உயரம் என்றால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும். மொட்டைமாடி வசதிதான், ஆனால் அங்கே காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும். தினமும் காலை 8.30-க்குப் படிக்க வேண்டும்; இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நேரம் அதுவே. இதில் ஒரு கண்ணி உண்டு. செவ்வாய் மாலை 7 மணிக்குப் பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் வரும். அந்தி மழை ஊர்களில் இது அடிக்கடி நேரும். "நேற்றுதானே பெய்தது, ஏன் இன்றைக்குப் போட்டிருக்கிறார்கள்" என்று செய்தித்தாளோடு சண்டை பிடிப்பதற்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வெப்பமானியைப் பள்ளிச் சுவரில் மாட்டினால் அது சுவரின் சூட்டைச் சொல்லும். தகரக் கூரைக்கடியில் மாட்டினால் கூரையின் சூட்டை. காற்றின் வெப்பநிலை வேண்டுமானால் நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து 1.25 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், இயன்றால் புல் அல்லது மண்தரையின் மேல் இருக்க வேண்டும். வெள்ளை பூசிய பிளந்த பலகைப் பெட்டி செய்து, கதவை வடக்குப் பார்த்து வைத்தால் திறக்கும்போது வெயில் அவ்வளவாக உள்ளே விழாது. "வெயிலில் 46 டிகிரி" என்று கைப்பேசியில் பரவும் படங்கள் எதை அளந்தவை என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஈரப்பதம் அளக்க அதே மாதிரி இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணி சுற்றி, துணியின் முனையைச் சிறு குப்பி நீரில் விட்டு, மூன்று நிமிடம் விசிறுங்கள். உலர்ந்தது 32, நனைந்தது 24 என்றால் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அட்டவணையைப் பார்த்துச் சரியாக எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து துணி விறைத்துவிடும், நீர் ஏறாது, நனைந்த வெப்பமானி கூடுதலாகக் காட்டி, ஈரப்பதம் உள்ளதைவிட அதிகம் என்று பொய்க்கணக்கு வரும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்கிக்கொண்டால் மாதக்கணக்கில் வரும்.

அளவுகள் கைக்கு வந்தபின் முன்னறிவிப்பின் சொற்களுக்கும் எடை வந்துவிடும். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழை அளவு நிலையங்களில் கால்பங்கு வரைதான் பெய்யும் என்று பொருள். "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். தருமபுரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை என்று சொன்ன நாளில் பாப்பிரெட்டிப்பட்டியில் கொட்டி, பென்னாகரத்தில் தூசி பறந்தால், கணிப்பு தப்பவில்லை.